டாக்டர் சொன்னதில் பாதி

கவிப்ரியா, எனக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும். ஓசூரில் இது ஒரு பெருமையே இல்லை. ஜவளகிரியில் பிறந்தவனுக்கு வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, சந்தையில் ஒன்று என்று தானாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் தேனிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த உன் அம்மாவுக்கு அது பெரிய வித்தை. "மாதேஷ் தம்பி இருக்கும்போது எனக்கென்ன பயம்" என்று கம்பெனி கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லுவார்கள்.

நேற்று நீ அம்மாவின் லாக்கர் சாமான்களை எடுத்துப்போக வந்தாய். "கடைசி வரைக்கும் அம்மாவ நீங்கதான் மாமா பாத்துக்கிட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நீ பிடித்த இடம் இன்னும் சுடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா, ஜோதிமணி அக்காவுக்குச் சரவாங்கி என்கிற மூட்டு வியாதி வந்து ஐந்து வருஷம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. அசெம்பிளியில் ஸ்க்ரூ முடுக்க முடியாமல் போனபோது ஆளை மாற்றச் சொன்னார்கள். லைன் சூப்பர்வைசர் நான், விட்டுக்கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார வைத்தேன். லென்ஸுக்குக் கீழே பார்த்து, கீறல் விழுந்த பாகத்தைத் தள்ளிவைக்கும் வேலை. அக்கா கண்ணுக்கு ஒரு கீறல் தப்பாது. இது நான் செய்த நல்லது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூட்டு டாக்டர் வியாழக்கிழமைகளில் அத்திப்பள்ளிக்கு வருவார். கன்னடக்காரர், தமிழ் வராது. ஜூஜுவாடியில் கர்நாடக எல்லை தாண்டி என் பைக்கில்தான் கூட்டிப்போவேன். அவர் சொல்வதைத் தமிழில் சொல்வேன். அக்கா சொல்வதைக் கன்னடத்தில் சொல்வேன். காகிதமெல்லாம் என்னிடம்தான் இருக்கும்.

மாசியில் ஒரு நாள் அவர் வழக்கத்தைவிட நிறையப் பேசினார். இந்த வியாதி விரலோடு நிற்காது, உள்ளே ரத்தக் குழாய்களையும் கெடுக்கும், மாரடைப்பு வர இவர்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்றார். ஈ.சி.ஜி., எக்கோ, கொழுப்பு மூன்றும் பார்க்கச் சீட்டு எழுதினார். வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போடக் கூடாதாம். மூச்சு வாங்கினாலோ, இடது தோளும் தாடையும் வலித்தாலோ, மூட்டுவலி என்று சும்மா இருந்துவிடாமல் உடனே ஓடி வர வேண்டுமாம்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார்கள். "என்னப்பா சொல்றாரு, இம்புட்டு நேரமா?"

"அதே மாத்திரைய விடாம சாப்பிடச் சொல்றாருக்கா."

அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட். மேஜையில் அக்கா இல்லாவிட்டால் என் லைன் தேறாது. டெஸ்ட் என்றால் இரண்டு நாள் லீவு. ஆடிட் முடியட்டும், பயப்படாதபடி பதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சீட்டை மடித்து என் டிராயரில் வைத்தேன்.

ஆடிட் முடிந்தது. எனக்குக் கைதட்டினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், "இத ஏன் தம்பி அன்னைக்கே சொல்லல?" என்று கேட்பார்களே. வாரம் போகப் போக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே வந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டர் ரிப்போர்ட் கேட்டார். எல்லாம் நார்மல், வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம் என்று கன்னடத்தில் சொன்னேன். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு புரியாமலே ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சித்திரையில் அக்காவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. உடம்பு போட்டுவிட்டது என்று கூட வேலை செய்யும் ராசாத்தி கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன். அது என்னவென்று அங்கே தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

வைகாசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை, சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டில் நின்றதால் ஒரு கம்பெனி பஸ் வரவில்லை. லைனில் ஆள் குறைவு. பத்து மணிக்கு அக்கா என்னைக் கூப்பிட்டார்கள். முகம் முழுக்க வேர்த்திருந்தது.

"தம்பி, இடது தோள்லருந்து தாடை வரைக்கும் இழுக்குதுப்பா. மூட்டுவலி மாதிரி தெரியல. டாக்டர் என்னைக்காச்சும் இதப் பத்தி ஏதும் சொன்னாரா?"

கேட் பக்கத்தில் கம்பெனி ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது.

"இல்லக்கா, ஒண்ணும் சொல்லல. இது சரவாங்கிதான். மாத்திரை போட்டுட்டு உக்காருங்க."

நான் சொன்னால் நம்பிவிடுவார்கள். என் கையிலிருந்தே வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, ட்ரேயில் மிச்சமிருந்த பாகங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பதினொன்றே காலுக்குத் தலை மேஜைமேல் சாய்ந்தது.

எல்லோரும் திடீர் மாரடைப்பு என்கிறார்கள். திடீரென்று ஒன்றும் வரவில்லை. மூன்று மாதமாக என் டிராயரில் இருந்தது. ஆள் குறைவு என்று காரணம் சொல்லலாம். ஆனால் மேஜைக்கு வேறு ஆளைப் போட்டிருக்க முடியும். டாக்டர் சொன்னாரா என்று கேட்டதற்கு ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து உன் அம்மாவைக் கொன்றேன்.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு. ஒன்றை நினைத்து மட்டும் நீ ஆறுதலாக இருக்கலாம். அக்கா கடைசி வரைக்கும் என்னை நம்பினார்கள். அந்த நம்பிக்கை கெடாமல் பார்த்துக்கொண்டேன்.