காணாமப் போன பாதி வரி

ராத்திரி ரெண்டு மணி. மரக்காணத்துல ஈசிஆர விட்டு எறங்கி உப்பளத்துக்குள்ள போற மண்ணு ரோடு. ரெண்டு பக்கமும் பாத்தி. லைட்டு கெடையாது. நடந்தா நம்ம கால் சத்தமே பின்னால யாரோ வர்ற மாதிரி கேக்கும்... ரோடு முடியற எடத்துல ஒரு ஷெட்டு. அதுக்குள்ள ஒரு ஆளு முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தான்.

சிவஞானம். நம்ம பச்சமுத்துவோட மருமகன், பூவிழி புருஷன். பச்சமுத்து வாயில பாதி பொய்தான் வரும், ஊருக்கே தெரியும். ஆனா இதச் சொன்ன அன்னிக்கு பீடிய வாயில வச்சவன் பத்த வைக்க மறந்துட்டான். அதனாலதான் இதச் சொல்றது. லாரி வர்ற வரைக்கும் கேளுங்க. நடுவுல ஒண்ணுக்குப் போறேன்னு தனியா எழுந்து போறவனுக்கு யாரும் பொறுப்பில்ல.

உப்பளத்த எடுத்திருந்த கம்பெனிக்காரன் பாத்தித் தண்ணியில ஒரு கருவிய எறக்கியிருந்தான். தண்ணி எத்தினி டிகிரி, உப்பு எவ்ளோ ஏறியிருக்குதுன்னு அது சொல்லும். அதுலேர்ந்து ஷெட்டுக்கு ஒரு ஒயரு. ஷெட்டுல ஒரு லேப்டாப்பு. லினக்ஸாம். கறுப்புத் திரை, படம் கிடம் ஒண்ணும் கெடையாது. சீரியல் போர்ட்டுன்னு ஒரு ஓட்டையில ஒயர சொருவினா நிமிஷத்துக்கு ஒரு வரி வந்து விழும். மணி, டிகிரி. மணி, டிகிரி. விழறதெல்லாம் ஒரு ஃபைலுல ஏறிக்கும். வானூர் அறிவழகன்தான் அத மாட்டிக் குடுத்தவன்.

முப்பது நாளு வரி விடாம ஏறணும். ஏறிட்டா சிவஞானத்துக்கு பகல் வாட்ச்மேன் வேலை நிரந்தரம். நடுவுல விட்டுப்போச்சுன்னா, தூங்கிட்டான்னு சொல்லி அனுப்பிடுவாங்க. மிஷினு தூங்கினாலும் கம்பெனிக்காரன் மனுஷன் தலையிலதான எழுதுவான்.

அவன் ஆசை ஒண்ணும் பெருசில்ல. பகல்ல உப்பு வாரி, ராத்திரி காவல் காத்து, கண்ணு ரெண்டும் மண்ணு போட்ட மாதிரி எரிஞ்சிக்கிட்டு கெடந்துச்சு. ஒரு ராத்திரி வீட்டுல படுத்துத் தூங்கணும். அவ்ளோதான்.

இருபத்தி மூணாவது ராத்திரி. ரெண்டு பத்து.

வரி விழல.

ரெண்டு பதினொண்ணு விழுந்துச்சு. பன்னெண்டு இல்ல. பதிமூணு விழுந்துச்சு. பதினாலு இல்ல...

அறிவழகனுக்கு போன் போட்டான்.

"ஒயர யாராச்சும் இழுத்தாங்களாண்ணே?"

"எலி கூட வரலப்பா."

"அப்ப ரெண்டு பேரு படிக்கிறாங்க. ஒரு ஒயருக்கு ஒருத்தர்தான் காது குடுக்கணும். இன்னொருத்தர் சேந்தா வர்றது பிரிஞ்சிபோயிடும், இவருக்குக் கொஞ்சம் அவருக்குக் கொஞ்சம். லேப்டாப்புலயே இன்னொரு புரோகிராம் ஓடுதோ என்னவோ. நான் சொல்றத டைப் பண்ணுங்க. ஒயர யார் யார் புடிச்சிருக்காங்கன்னு பேரு வரும்."

ஒத்த விரலால தட்டினான்.

"எத்தினி பேரு வருதுண்ணே?"

"ஒண்ணுதான்பா."

அறிவழகன் மெதுவா சொன்னான். "லேப்டாப்புக்கு உள்ள இருக்கிறவங்க பேருதான் அதுல வரும்ணே. வெளிய நின்னு காது குடுக்கிறவங்க பேரு வராது."

போன வச்சான். காத்து நின்னுபோச்சு. சேத்து நாத்தம் கிட்ட வந்துச்சு... பாத்தியில எறங்கி கலக்கினா வருமே, அந்த நாத்தம். சளக்... சளக்...

"இருபத்தி மூணு புள்ளி நாலு."

பாத்திக்குள்ளேர்ந்து. ஆம்பளக் குரலு. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. அலுத்துப்போன குரலு.

மிஷினு வர்றதுக்கு முன்னாடி டிகிரி பாக்க ரெண்டு ஆளு போவாங்க. ஒருத்தன் தண்ணியில நின்னு டிகிரிய கத்துவான். கரையில இருக்கிறவன் எழுதிக்கிட்டு "ஆச்சு"ம்பான். ஆச்சு சொல்றதுக்கு ஆள் இல்லன்னா தண்ணியில நிக்கிறவன் கரையேற முடியாது. ஒருத்தன் முறை முடிஞ்சா, அடுத்த முறைக்கு எழுதினவன் எறங்கணும். அங்க அதான் வழக்கம்.

சிவஞானம் பதினஞ்சு வருஷம் அந்த வேலை பாத்தவன். அரைத்தூக்கம் வேற. கை தானா பேனாவ எடுத்துச்சு, காலண்டர் தாள்ல எழுதுச்சு. வாய் தானா சொல்லிடுச்சு.

"ஆச்சு."

சொன்னப்புறம்தான் யாருக்குச் சொன்னோம்னு தோணுச்சு.

டார்ச் அடிச்சான். ஆள் இல்ல. தண்ணி அசையல. மேல பால் ஆடை மாதிரி உப்பு கட்டியிருந்துச்சு... ரெண்டு பாதம் அளவுக்கு மட்டும் கட்டல.

ஓடியிருக்கலாம். ஓடினா வேலை போயிடும். உக்காந்து எழுதினான். ஒரு நிமிஷம் மிஷினு, ஒரு நிமிஷம் அந்தக் குரலு. கோழி கூப்பிடற வரைக்கும்.

இப்பிடியே எட்டு ராத்திரி. வீட்டுல யார்கிட்டயும் மூச்சு விடல. காலையில அறிவழகன் வந்து தாள்ல இருக்கிறத ஃபைலுல ஏத்துவான். முன்னும் பின்னும் மிஷினு போட்ட வரியோட புள்ளி மாறாம பொருந்துச்சு. எப்பிடி எழுதினீங்கன்னு அவனும் கேக்கல, இவனும் சொல்லல. கம்பெனிக்காரனுக்கு முழுசா இருந்தா போதும்.

முப்பதாவது ராத்திரி, கடைசி ஆச்சு சொன்னப்புறம் தண்ணியிலேர்ந்து யாரோ கரையேறின சத்தம். ஒரு பெருமூச்சு. ஈரக்கால் ஷெட்டத் தாண்டி ரோட்டுப் பக்கம் போச்சு... சப்பு, சப்புன்னு... நிக்காம போயிடுச்சு.

வேலை நிரந்தரமாச்சு. ராத்திரிக் காவலுக்கு அசோகன்னு ஒருத்தன போட்டாங்க. அன்னிக்கு சிவஞானம் எட்டு மணிக்கே சோறு தின்னுட்டு பாயில சாஞ்சான். சாஞ்சவன் பொரளக்கூட இல்ல.

ரெண்டு மணிக்கு மேல அவன் போன் அடிச்சிது. பூவிழி எடுத்தா.

"அண்ணி, நான் அசோகன். ஒண்ணு விட்டு ஒண்ணு வரி விழ மாட்டேங்குது."

"அவரு தூங்குறாருப்பா. ஒரு மாசம் கழிச்சி தூங்குறாரு. காலையில பேசேன்."

"அங்கயா தூங்குறாரு?"

"ஏன், உங்க வீட்டுலயா தூங்குவாரு?"

"பாத்தியில நின்னு டிகிரி கத்திக்கிட்டு இருக்காருண்ணி. அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா?"

போனுக்குள்ள, எங்கியோ தூரத்துல... "இருபத்தி நாலு புள்ளி ஒண்ணு."

பக்கத்துல மல்லாந்து கெடந்தவன் உதடு அசைஞ்சிது. அதே எண்ணு. அதே அலுப்பு.

பூவிழி போன கீழ போட்டுட்டு உள்ளங்கையால அவன் வாயப் பொத்தினா. அழுத்திப் பொத்தினா. ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்...

கையில மூச்சு படல. எண்ணு மட்டும் பட்டுச்சு.