குரைக்காத நாய்க்குத் துணை

திருத்துறைப்பூண்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவள் மடியில் இருந்த கூடைக்குள் ஒரு நாய்க்குட்டி.

"வீட்டுல ஒண்ணு இருக்கையில இது எதுக்குங்க?"

"அதுக்குத்தான் குரைக்கவே தெரியலயே."

"எப்படித் தெரியும்? பண்ணையார் இடத்துல குடியிருந்தப்ப, அவரு வர்றப்பல்லாம் நாமதானே அது வாயைப் பொத்துனோம்? குரைச்சா குடிசையைப் பிரிச்சிருவாங்கன்னு பயம்."

"இப்பதான் மனைக்குப் பட்டா வந்துருச்சே. இதாவது குரைக்கட்டும்."

"பெருசைப் பாத்து இதுவும் வாயை மூடிக்கிட்டா?"

அவர் பதில் சொல்லுமுன் கண்டக்டர் விசில் ஊதினார். குட்டி தலையை நீட்டி, கண்டக்டரைப் பார்த்து விடாமல் குரைத்தது.

அதன் வாயைப் பொத்தப் போன அவள் கை பாதியிலேயே நின்றது.

"குரைக்கட்டும்ங்க," என்றாள். "பெருசும் கத்துக்கும்."