எவ்வளவு வடிகட்டியும் போகாத மேடு

— ஆடாம இருங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கையில கிளிப்பு கழண்டா மறுபடியும் முதல்லேர்ந்து.

— மூக்கு அரிச்சா நான் என்னடி பண்றது? பொண்டாட்டி ஈசிஜி மெஷின் செய்யறேன்னா புருஷனைத்தான் கட்டிப்போடணுமா? டாக்டர் சாயங்காலம் எடுத்துட்டுப் போக வந்துடுவார். கோடு ஒழுங்கா வருதா இல்லையா?

— இல்ல. துடிப்பு ஒழுங்கா போயிட்டே இருக்கு, திடீர்னு நடுவுல அகலமா ஒரு மேடு. எனக்கே வெறுத்துப் போச்சு.

— அப்போ உன் ஃபில்டர் தண்டம். வடிகட்டத்தானே வச்சே?

— வாயைக் கிளறாதீங்க. டியூப்லைட்டு, மோட்டார் கிளப்பற இரைச்சல் எல்லாம் போச்சு, பாருங்க. வேகமா ஆடுறதையெல்லாம் கெப்பாசிட்டர் கிரவுண்டுக்கு இழுத்து விட்டுடும். மெதுவா வர்றது மட்டும்தான் தப்பிச்சு ஆப்-ஆம்ப்புக்குப் போகும்.

— அந்த ஆப்-ஆம்ப்பு எதுக்கு, அழகுக்கா?

— அது இல்லேன்னா, அடுத்த சர்க்யூட்டை மாட்டினதும் சிக்னல் துவண்டுடும். அது தாங்கிப் பிடிச்சு, பலமாக்கி அனுப்புது.

— பலமாக்கறேன் பேர்வழின்னு அதுவே எதையாவது கிளப்பி விடுதோ என்னவோ.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆப்-ஆம்ப்பை ரெண்டு தடவை மாத்திட்டேன். கெப்பாசிட்டரையும் பெருசாக்கினேன். கூரா இருந்த துடிப்பு மழுங்கிப் போச்சு, இந்த மேடு மட்டும் கொஞ்சமும் குறையல.

— போதும், என்னை விடு. காலையிலேர்ந்து படுத்தே கிடந்தும் அசதியா இருக்கு.

— சரி, கிளிப்பைக் கழட்டிக் குடுங்க. என் கை கால்ல மாட்டிப் பாக்கறேன்.

— அதே மெஷின், அதே ஃபில்டர். நீ மாட்டினா மட்டும் என்ன வந்துடப் போகுது?

— பேசாம பட்டனை அழுத்துங்க. ஸ்கிரீன்ல என்ன தெரியுது?

— ம்... மேட்டையே காணோமே. நல்லா பாத்துட்டேன்டி, கோடு சுத்தமா போகுது. எப்படியோ சரியாயிடுச்சு. டாக்டருக்கு ஃபோன் போடவா?

— நான் போடறேன். நீங்க உக்காருங்க.

— ஏன், உன் முகம் ஏன் இப்படிப் போச்சு? சரியாயிடுச்சுல்ல?

— ஃபில்டர் முதல்லேர்ந்தே சரியாத்தாங்க இருந்துச்சு. டாக்டரை இப்பவே வரச் சொல்றேன், மெஷினை எடுத்துட்டுப் போக இல்ல, உங்களைப் பாக்க.