கொக்கியில் குற்றமில்லை

கொக்கி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பெயின்ட்டைத்தான் பார்க்கிறார்கள், மேடம். சிவப்பா, கறுப்பா, வண்டிக்கு எடுப்பாக இருக்குமா என்று கேட்பார்கள். எவ்வளவு பாரம் இழுக்கும் என்று கேட்கிற ஆள் எப்போதாவது ஒருவர் வந்தால் நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். செஞ்சியில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. அதனால் டீ செலவும் குறைவு.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. என் தம்பி குரு இறந்தது விபத்து என்று நீங்கள் கேஸை முடித்துவிட்டீர்கள். டிரெய்லரின் கொக்கி பழுதாகிக் கழன்றதால் நேர்ந்த விபத்து என்று அதில் எழுதியிருக்கிறதாம். அந்த ஒரு வரி தப்பு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். அந்தக் கொக்கியைச் செய்தவன் நான்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவது வேறு, காருக்குப் பின்னால் மாட்டுவது வேறு. டிராக்டரில் இரண்டு பட்டைக்கு நடுவே வளையத்தை விட்டு மேலிருந்து ஒரு பின்னைச் சொருகினால் வேலை முடிந்தது. கடகடவென்று ஆடும், ஆனால் நெல் மூட்டைக்கு வலிக்கப்போவதில்லை. காருக்கு அது சரிப்படாது. காரின் அடியில் சேசிஸோடு சேர்த்து ஒரு தண்டு பொருத்த வேண்டும். பம்பரில் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேச வேண்டாம். தண்டின் நுனியில் ஓர் இரும்புக் குண்டு. டிரெய்லரின் மூக்கில், அந்தக் குண்டைக் கவிழ்ந்து பிடிக்கிற கிண்ணம். கிண்ணத்துக்கு ஒரு தாழ்ப்பாள், தாழ்ப்பாள் திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு பின். இதெல்லாம் சேர்ந்ததுதான் கொக்கி. குண்டும் கிண்ணமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். டிரெய்லர் தரைக்கு மட்டமாக நிற்க வேண்டும். ஏற்றுகிற பாரம் முன்பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். பாரம் பின்னால் போனால் மூக்கு எம்பிவிடும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் நேரமில்லை.

குரு சென்னையில் இருந்தான். பெரிய கார் வைத்திருந்தான். எங்கள் தங்கை ஜெயஸ்ரீயைச் சிங்கவரத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் பூங்குழலிக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் கொண்டுபோவது எங்கள் பக்கம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் ஒருவர் டிராக்டரை வரிசையாக விட்டார். இன்னொருவர் குதிரை கொண்டுவந்தார். குரு செல்போனில் ஏதோ வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு என் பட்டறைக்கு வந்தான்.

"அண்ணா, கார் பின்னாடி ஒரு டிரெய்லரு. அதுல சீரு. நடுவுல சிம்மாசனம் போட்டு நான் குந்திக்குனு வர்றேன். இன்னா சொல்ற?"

நான் அவன் காருக்கு எந்தக் கொக்கி பொருந்தும் என்று மட்டும் பார்த்தேன். வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்தேன். வேறு எந்த வேலையையும் எடுக்கவில்லை. அந்தக் குண்டை உருட்டித் தேய்த்து எடுத்த அன்றைக்கு அதில் என் முகம் தெரிந்தது. என் வாழ்க்கையில் அதைப் போல இன்னொன்று செய்ததில்லை. என் மகன் பிறந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டேனா என்று சந்தேகம்தான்.

மூத்த தாய்மாமன் சீர்தான் முன்னால் போக வேண்டும். அது முறை. நான் மூத்தவன். ஆனால் டிரோன் கேமராவில் கார் முன்னால் வந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று ஜெயஸ்ரீயே சொல்லிவிட்டாள். என் சீர் டிராக்டரில் பின்னால் வந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

ஏற்றும்போதே குருவிடம் படித்துப் படித்துச் சொன்னேன், பீரோவையும் ஃபிரிட்ஜையும் முன்னால் வை, நீயும் முன்னால் உட்கார் என்று. முன்னால் உட்கார்ந்தால் கார் மறைக்குமாம். சிம்மாசனத்தைக் கடைசியில் போட்டு, பீரோவையும் அதற்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். சீர்க் கிடாவை மட்டும் முன்னால் கட்டினான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாரத்தைப் பின்னால் வைத்தது அவன்.

சிங்கவரம் ஏரிக்கரையில் ஏறுகிற இடத்தில் ரோடு செங்குத்தாக இருக்கும். மற்ற எல்லாரும் முன்னாலேயே ஏறிக் கரைமேல் போய் நின்றுகொள்ள வேண்டும், கார் மட்டும் தனியாக ஏறி வருவதை டிரோன் எடுக்கும் என்று ஏற்பாடு. தட்டு ஏந்திய பெண்கள், பேண்டுக்காரர்கள், என் டிராக்டர், எல்லாம் மேலே போயாகிவிட்டது. கொக்கியைக் கவனித்துக்கொள்ள நான் மட்டும் டிரெய்லரோடு நடந்து வந்தேன். பாதி ஏற்றத்தில் குரு காரை நிறுத்தச் சொன்னான். அவன் கையில் மைக் இருந்தது. காரின் மேலே ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள்.

"அண்ணா, எதுக்கும் கொக்கி மேல ஒரு கயித்தப் போட்டுக் கட்டிடு. எனக்கு டென்ஷனா இருக்குது."

மைக்கில் சொன்னான், மேடம். ஊருக்கே கேட்டது. கரைமேல் யாரோ சிரித்தார்கள். அவன் மனைவி ஷோபனா அங்கிருந்தே கத்தினாள்.

"ஆமா மாமா, கட்டிடுங்க. பந்தல்காரர்கிட்ட கயிறு இருக்குது, குடுத்தனுப்புறேன்."

பந்தல் கட்டுகிற தேங்காய் நார்க் கயிறு. என் கொக்கிமேல். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. வெளிநாட்டில் கொக்கியோடு கூடவே சங்கிலி போடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நானும் வாடிக்கையாளர்களுக்குப் போட்டுத்தான் கொடுக்கிறேன். அடுத்தவன் செய்த கொக்கியாக இருந்தால் நானே கயிறு கட்டியிருப்பேன். இது அப்படிப்பட்டதல்ல. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அந்தக் கயிறு வந்து சேர்வதற்குள் நான் யோசித்து முடித்துவிட்டேன். ஒருவன் ஒரு பொருளை நம்பவில்லை. நம்பாத பொருளை அவனிடம் விட்டுவைப்பதில் நியாயம் இல்லை. கடையில் வாங்கிய செருப்பைப் பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வதில்லையா? அதே போலத்தான்.

வண்டி மேட்டைப் பார்த்து நிற்கும்போது தாழ்ப்பாள் இழுபட்டு இறுகியிருக்கும், லேசில் வராது. கார் பின்னால் தள்ளினால் ஒரு கணம் தளரும். அதனால் டிரைவரிடம், கயிறு கட்டத் தோதாக ஒரு சாண் பின்னால் விடச் சொன்னேன். விட்டார். நல்ல பையன், அவரை இதில் இழுக்காதீர்கள். டிரெய்லருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். அப்புறம் குனிந்து, பின்னை உருவித் தாழ்ப்பாளைத் திறந்தேன். மேலே நின்றவர்களுக்கு நான் டைட் செய்வது போலத்தான் தெரிந்திருக்கும். டிரோனிலும் என் முதுகுதான் பதிவாகியிருக்கிறது.

கிண்ணத்தை நான் தூக்கவில்லை. பாரம் பின்னால் இருந்ததால் மூக்கு தானாகவே எம்பிக்கொண்டது. பாருங்கள், நான் சொன்னதை அவன் கேட்டிருந்தால் அது எழுந்திருக்காது.

டிரெய்லர் இறங்க ஆரம்பித்தபோது குரு பயப்படவில்லை. இன்னொரு ஷாட்டுக்காகக் கார் ரிவர்ஸ் வருகிறது என்று நினைத்தான் போலிருக்கிறது. டிரோனைப் பார்த்துக் கும்பிட்டபடியே போனான். சிம்மாசனம் ஆடவில்லை. சக்கரங்களையும் நான்தான் பொருத்தியிருந்தேன், கோடு போட்ட மாதிரி நேராகப் போயின. பேண்டுக்காரர்களும் அது நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்து வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கிடா மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு வழியில் குதித்துவிட்டது.

அடிவாரத்தில் ரோடு வளைகிறது. டிரெய்லர் வளையாது. நேராகப் போனால் தைலம்மாள் நிலத்துக் கிணறு, கைப்பிடிச் சுவர் கிடையாது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். சின்ன வயதில் குருவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே அதில்தான். பீரோ மேலே விழாமல் இருந்திருந்தால் அவன் நீந்தியிருக்கலாம். பீரோவைப் பற்றியும் நான் முன்பே சொல்லியிருந்தேன்.

"டேய் நிறுத்துடா, கிணறு இருக்குது" என்று அவன் சொன்னது ஸ்பீக்கரில் வந்தது. ஸ்பீக்கர் காரோடு என் தலைக்கு மேலே இருந்ததால், அவன் பக்கத்தில் நின்று சொன்னது போலவே இருந்தது.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். நீங்களும் வந்தீர்கள், கிரேன் வைத்துத் தூக்கினீர்கள், தாழ்ப்பாள் திறந்திருப்பதைப் பார்த்தீர்கள், பழுது என்று எழுதினீர்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்குப் பிள்ளை இல்லாததால் நான்தான் கொள்ளி வைத்தேன், மொட்டை அடித்துக்கொண்டேன், காரியம் முடித்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன்.

ஆனால் ஊர் வாயை என்ன செய்வது? "பாவம் குரு, அந்தக் கொக்கி கழண்டுக்கும்னு அவனுக்கு மனசுல பட்டுக்குது, கயிறு கேட்டான் பாரு" என்று எல்லாரும் பேசுகிறார்கள். செத்தவன் ஜெயித்துவிட்டான். வாடிக்கையாளர்கள் என் கொக்கியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் அனந்தபுரம் போய் வேறு மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ஜெயஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, நீ இன்னா பண்ணுவ? இரும்பு ஏமாத்திடுச்சி. உன் மேல தப்பு இல்லண்ணா."

அவள் என்னைக் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு வந்திருப்பேன். இரும்பைச் சொன்னாள். அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை.

நிரூபித்துக் காட்டலாம் என்று பார்த்தேன். கிணற்றிலிருந்து வந்த கிண்ணத்தையும் காரிலிருந்து கழற்றிய குண்டையும் சேர்த்து, அதே கொக்கியைப் பட்டறை வாசலில் மாட்டி, அதில் ஒரு டிராக்டர் இன்ஜினைத் தொங்கவிட்டேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கட்டும் என்று நாள்கணக்கில் தொங்கியது. கோட்டை பார்க்க வந்தவர்கள்கூட நின்று போட்டோ எடுத்தார்கள். ஒரு நூல் அசையவில்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அப்ப அன்னிக்கு மட்டும் எப்டிண்ணா கழண்டுச்சி?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்னால் நான் உள்ளே போவேன், சொல்லாவிட்டால் கொக்கியின் பேர் கெட்டது கெட்டதுதான். ஒரு ராத்திரி யோசித்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் உருவிய அந்தப் பின்னை இதோ மேசைமேல் வைக்கிறேன். தேய்மானம் இருக்கிறதா என்று நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். பொறாமையா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அவன் என் கூடப் பிறந்தவன். துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியும் விடாதீர்கள். வேண்டுமானால் உங்கள் ஜீப்பில் அந்தக் கொக்கியை மாட்டி, அதே மேட்டில் என்னை உட்காரவைத்து இழுத்துப் பாருங்கள். நான் கயிறு கேட்க மாட்டேன்.

எழுதும்போது ஒரே ஒரு கோரிக்கை. கொக்கி சரியாக இருந்தது என்று முதலில் எழுதுங்கள். பின்னை உருவியவன் அவன் அண்ணன் ராஜாங்கம் என்று அடுத்து எழுதுங்கள். குரு செத்துப்போனதை, இடம் இருந்தால், கீழே எங்கேயாவது சேர்த்துக்கொள்ளலாம்.