மாதாவின் முகத்தைக் கழுவியவர்கள்

பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவைக்குத் தலைமை தாங்கும் திருமதி வவுல்ஸ் அவர்களே! என் கண்ணைப் பார்க்க மறுக்கும் குருவானவரே! ஆஷ்கோம் ஊர்ப் பெரியோர்களே, கேக் சுட்டு வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் இருக்கும் ஆலிவ் அக்கா! கோயில் காரியஸ்தன் வில்ஃப்ரெட் பர்ஜினின் வணக்கம்.

மாவட்டத்திலேயே சுத்தமான ஊர் என்று நமக்குப் பரிசு! எப்படி வாங்கினோம் இதை? சொல்ல வேண்டாமா?

கல்லறைத் தோட்டத்துச் சிலுவை அறுநூறு ஆண்டாய் நிற்கிறது. அதன் உச்சியில் பிள்ளையை ஏந்திய மாதா. அந்தக் காலத்தில் கோயில் சிலைகளை உடைக்கச் சம்மட்டியோடு சிப்பாய்கள் வந்தபோது வைக்கோல் போருக்குள் ஒளித்து நம்மவர்கள் காத்த முகம்! பனி தின்னாத முகம்! பகை தொடாத முகம்!

நடுவர்கள் வர நாலு நாள் இருக்கும்போது தலைவி அவர்கள் சொன்னார்கள்: "என்ன வில்ஃப்ரெட், சிலுவை பூராப் பாசி! பாக்கவே கேவலமா இருக்கு. தண்ணியப் பீச்சித் தொழுவம் கழுவுற உன் மிஷின் சும்மாத்தானே கெடக்கு?"

"பேராயர் ஆபீசுல அனுமதி வாங்கணுமேம்மா."

"அது வர ஆறு மாசம் ஆகும். ஒரு கழுவல்தானே, யாருக்குத் தெரியப்போவுது?"

கல்லறைமேல் பிளாஸ்டிக் பூ வைக்க மூன்று பக்கம் மனு எழுதுகிற ஊர் இது! இதற்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை.

யாரங்கே, 'உட்காருய்யா' என்பது? உட்காருவேன் நண்பரே, சொல்லி முடித்துவிட்டு!

பாய்ந்தது தண்ணீர். பாசி போயிற்று, கல்லின் தோலும் போயிற்று. கண் போயிற்று, மூக்குப் போயிற்று, கையிலிருந்த பிள்ளையும் போயிற்று! மொழுமொழுவென்று ஓர் உருண்டை நிற்கிறது. நடுவர்கள் பார்த்து, "அடடா, என்ன சுத்தம்!" என்றார்கள். வெட்கக்கேடு!

அந்தச் சிலுவையின் அடியில் ஆலிவ் அக்காவின் பிள்ளை கிடக்கிறது. மூச்சு விடாமலே பிறந்த பிள்ளை. ஞானஸ்நானம் பெறவில்லை என்று பெயர்க்கல் மறுத்தார்கள். ஐம்பத்தெட்டு வருஷமாய் மாதா கையிலிருந்த குழந்தையைத்தான் அக்கா தன் பிள்ளையாய்ப் பார்த்து வந்தார்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்தார். "வில்ஃப்ரெட், எம்புள்ள முகம் எங்கடா?"

"இந்த வருஷம் உறைபனி ஜாஸ்தி அக்கா" என்றேன். பாவி நான்! உறைபனி இல்லை அக்கா. குழாயைப் பிடித்தது இந்தக் கை.

இப்போது அதே சிலுவையின் கற்படியில் துளை போட்டுப் பரிசுப் பலகை மாட்டப்போகிறார்களாம். அதற்கு என் கையெழுத்து வேண்டுமாம். போட மாட்டேன்! செத்தாலும் போட மாட்டேன்! செய்த குற்றத்தை எழுதி, அந்தப் படியில் ஒரு பெயர் செதுக்க அனுமதி கேட்டுப் பேராயருக்கு மனு எழுதிவிட்டேன். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

கேட்ட உங்களுக்கும் நன்றி, கத்திய உங்களுக்கும் நன்றி, வணக்கம். ஆலிவ் அக்கா, இந்த ஊரில் ஒருவரும் உங்களைக் கேட்டதில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்?