முட்டி போட்ட காளையும் ஆறு கேசட்டும்

— கல்யாணக் கேக்கைத் தின்னதோட நிக்கலை மாப்ள! யானை சைசு காளை. வாயை நக்கித் துடைச்சிட்டு, என் முன்னாடி ரெண்டு முட்டியையும் போட்டு, ஆசீர்வாதம் வாங்கிட்டுத்தான் பந்தலை விட்டே போச்சு!

— அத்தான், போன பொங்கலுக்கு இதே காளை குதிரை சைசுல இருந்துச்சு.

— வருசம் போகப் போக மாடு வளராதாடா கிளமெண்ட்?

— ஏங்க, மாடு வந்தது நெசம். அலங்காநல்லூர்ல பொண்ணுக் கல்யாணம் வச்சா மாடும்தான் வரும். நாங்க அம்புட்டுப் பேரும் மாதா கோயிலுக்குள்ள ஓடிட்டோம். ஆனா முட்டி போட்டதை உங்களைத் தவிர ஒருத்தர் பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை நம்ம பொண்ணு ஐரினோட கல்யாண வெள்ளிவிழா. வண்டியூர் மண்டபத்துல திரை கட்டிக் கல்யாண வீடியோவைப் போடப்போறேன்னு குதிக்கிறீங்க. இன்னைக்கு இந்தப் புது டிஸ்க்ல மாடு முட்டி போடலைன்னா, இனி சாகுற வரைக்கும் இந்தக் கதையை வாயில எடுக்கக் கூடாது.

— சகாயமேரி! மூச்சை நிறுத்தச் சொல்லு, நிறுத்துறேன். கதையை நிறுத்தச் சொல்லாத!

— அக்கா சொல்றது சரிதான். பழைய டிஸ்க்ல மாடா தெரிஞ்சுச்சு? பழுப்பு கலர்ல ஒரு பூசணிக்காய் கட்டங்கட்டமா உருண்டுச்சு. அது மாடே இல்ல, ஓடும்போது கீழ விழுந்த எஸ்தர் சித்தி, அத்தான்.

— எப்படிடா தெரியும்? கேசட்டு ஆறு. ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். அம்புட்டையும் ஒரே டிஸ்க்ல அமுக்கச் சொல்லிக் கடையில குடுத்தது யாரு? நீ! ஷேர் ஆட்டோவுல ஊரையே ஏத்துன மாதிரி. அதுல எது மூஞ்சி, எது முழங்கைன்னு எவன் கண்டான்?

— டிஸ்க் மிச்சமாகும்னு பாத்தேன்.

— இந்தத் தடவை ஒரு கேசட்டுக்கு ஒரு டிஸ்க். படம் எடுத்த அதே கேமராவுலயே ஓட்டுனேன். கேசட்டைப் படிக்கிற ஹெட்டை நான் துடைச்ச துடைப்புல அதைப் பாத்து சவரம் பண்ணலாம். மஞ்சள் ஒயரைக் கடாசிட்டு, கலரையும் வெளிச்சத்தையும் தனித்தனியா கொண்டுவார கறுப்பு ஒயரை மாட்டுனேன். இந்தா ஓடுது, பாரு! சாமியார் கைக்கடியாரத்துல மணி பாக்கலாம்! மாப்பிள்ளை சட்டையில ரசம் சிந்துனது தெரியுதா?

— ரொம்பத் தெளிவா இருந்தா வயசானவங்க கண்ணுக்கு ஆகாது அத்தான். மண்டபத்துல பழைய டிஸ்க்கையே போடுவோம்.

— ஏண்டா தம்பி இம்புட்டு வேர்க்குது உனக்கு?

— புழுக்கம்க்கா.

— வருது, வருது! அந்தா, நம்ம ஸ்டீபன் கேமராவை ஸ்டாண்டோட விட்டுட்டு ஓடுறான். கேமராதான் தைரியசாலி, நின்னு எடுக்குது.

— மாதாவே, மூணு அடுக்குக் கேக்கும் சரிஞ்சிருச்சே! ஏங்க, நீங்க எங்க?

— அந்தா, சிங்கம் மாதிரி நிக்கிறேனே.

— சிங்கம் எதுக்கு நாற்காலி மேல ஏறி வேட்டியைத் தூக்கிப் பிடிச்சிருக்கு?

— ஆசீர்வாதம்னா உசரத்துல இருந்து குடுக்கணும்டி.

— ஐயையோ, போடுதுங்க! ஒரு முட்டி... ரெண்டு முட்டி! நெசமாவே போடுது!

— பாத்தியா! இருபத்தஞ்சு வருசமா என்னைப் புளுகன்னு சொன்ன வாயெல்லாம் எங்க? டேய் மாப்ள, ரிமோட்டை எதுக்குப் பிடுங்குற?

— போதும் அத்தான், நிறுத்துங்க. கரண்டு வீணாகுது.

— நீதான் அங்கனயே இல்லையே. எழுமலையில இருந்து வந்த ஆளுகளை பஸ் ஏத்திவிடப் போயிட்டேன்னு இத்தனை வருசமா சொல்ற. இப்பக் கண்ணால பாரு!

— இருங்க இருங்க. மாடு உங்களைத் திரும்பிக்கூடப் பாக்கலைங்க. குனிஞ்சு மேசைக்கு அடியில மூஞ்சியை விடுது. உள்ள யாரு அது? தலை பூரா கேக் கிரீமு, கையில செபமாலை... இந்தக் கோடு போட்ட சட்டை நான் எடுத்துக் குடுத்ததுல்ல? டேய் கிளமெண்ட்!

— நடந்துச்சுக்கா. முட்டி போட்டுச்சு. என் தலையை நக்கி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. அது யாரு கண்ணுக்கும் தெரியக் கூடாதுன்னுதான் ஆறு கேசட்டையும் ஒரே டிஸ்க்ல அமுக்கச் சொன்னேன்.