ஐஸில் நான் போட்ட கல்லுப்பு

பொழியூர் பருத்தியூர் கடற்கரையில் குடியிருக்கும் அருளப்பன் மகன் புஷ்பராஜ், வயது 43, நெய்யாற்றின்கரை அருகே ஒரு தனியார் கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக ஜீப் டிரைவராக இருக்கும் நான், 1997 மார்ச் 21-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்குக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுதியதைப் படிக்கத் தமிழ்தான் வரும் என்பதால் தலைமைக் காவலர் விஜயதாஸ் இதைத் தமிழில் எழுதுகிறார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் விவரமானவன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இந்தக் கேஸ் அந்த நினைப்பில் இருந்துதான் தொடங்குகிறது.

லாக்கப்பில் இருக்கும் சிவதாணு, வயது 55, பெருங்கடவிளையில் வாழை பயிரிடுகிறவர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் பாப்பி என்ற நாயும் மட்டும்தான். சென்ற ஜனவரியில் பாப்பியின் கழுத்தில் கழலை கழலையாக வீங்கியதால் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். டாக்டர் லேகா பார்த்துவிட்டு, இது வெள்ளையணுக்களில் வரும் புற்றுநோய், இதில் இரண்டு வகை உண்டு, ஒரு வகை மருந்துக்குக் கேட்கும், நாய் இன்னும் ஒரு வருடம்கூட இருக்கும், மற்றது கேட்காது என்றார். எந்த வகை என்று கண்டுபிடிக்க, ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி என்ற ஒரு மருந்து வெளிநாட்டில் இருந்து வரவேண்டும் என்றும், அதை ரத்தத்தில் கலந்தால் மருந்துக்குக் கேட்கும் வகை அணுக்களில் போய் ஒட்டிக்கொண்டு இருட்டில் பச்சையாகத் தெரியும் என்றும் சொன்னார். முன்பு ஒருமுறை வேறொரு நாயின் அணுக்களை நுண்ணோக்கியில் எனக்கும் காட்டியிருக்கிறார். சர்ச் பெருநாளுக்குத் தொங்கவிடும் பச்சை பல்பு போல வளையம் வளையமாக இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அதன் பிறகு அந்த மருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வந்து, கஸ்டம்ஸில் நான்கு நாள் கிடந்து, பிப்ரவரி 25-ஆம் தேதி என் கைக்குக் கிடைத்தது. பெட்டியில் இருந்த ஐஸ் உருகிப் பாதி தண்ணீராக இருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். வெயில் படக் கூடாது, சூடாகக் கூடாது, ஐஸ் மாற்றிக் கொண்டுவா என்றார். உறையக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. தப்பித்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் ஜீப்புக்கு வருமுன் பதினாறு வருடம் மீன் லாரியில் போனவன். எங்கள் கடற்கரையில் மீன் தூரம் போகவேண்டுமானால் ஐஸை உடைத்துக் கல்லுப்பு வாரிப் போடுவோம், மீன் விறைத்து நிற்கும். அதே போல ஐஸ் வாங்கி, நான்கு கை கல்லுப்பும் போட்டு, மருந்துக் குப்பியை நடுவில் புதைத்துக் கொண்டுவந்தேன். சாயங்காலம் திறந்தபோது குப்பிக்குள் மருந்து கல்லாகி இருந்தது. நல்ல குளிர் என்று சந்தோஷப்பட்டேன். டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டதால் நானே குப்பியைத் துடைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் அது பழையபடி தண்ணீராகி இருந்தது.

அதன் பிறகு 26-ஆம் தேதி பாப்பியின் ரத்தத்தில் அந்த மருந்தைக் கலந்து பார்த்ததில் பச்சை தெரியவில்லை. டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். மருந்துக்குக் கேட்காத வகை என்று சிவதாணு அண்ணனிடம் சொன்னார். நாய்க்கு அப்போதே மூச்சு இழுத்தது. 28-ஆம் தேதி அண்ணன் சம்மதித்து, ஊசி போட்டு முடித்தார்கள். தலையை மடியில் வைத்திருந்தது அண்ணன்தான். ஜீப்பில் உடலைக் கொண்டுபோகும்போது என்னிடம், "எலே புஷ்பம், அது மூச்சுக்குக் கஷ்டப்படாம போச்சுல்லா, அது போரும் எனக்கு" என்றார். வாழைத்தோட்டத்தில் குழி வெட்டியது நான்.

அதன் பிறகு மார்ச் 18-ஆம் தேதி டாக்டர் மிச்சமிருந்த மருந்தை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் நோயில்லாத நாயின் ரத்தத்தில் கலந்து பார்த்தார். அந்த வகை அணுக்கள் நல்ல ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும் என்பதால் அதில் கட்டாயம் பச்சை தெரிய வேண்டுமாம். தெரியவில்லை. டாக்டர் விளக்கைக்கூடப் போடாமல் இருட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார். "மருந்தே செத்துப்போச்சு புஷ்பராஜே. இது சூடானாலும் சாகும், உறைஞ்சாலும் சாகும். கஸ்டம்ஸ்ல சூட்டில கிடந்ததாக்கும்" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைத் திறக்கவில்லை. பயந்தேன், வேலை போய்விடும் என்று பயந்தேன். வீட்டில் மனைவி பவுலாவிடம் மட்டும் சொன்னேன். "நாளைக்கே போய்ச் சொல்லிருங்க, வேல போனா போட்டு" என்றாள். நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர், மறைப்பது சரியில்லை என்று சொல்லி என் ஜீப்பிலேயே பெருங்கடவிளைக்குப் போய், அந்த முடிவை நம்ப முடியாது என்று அண்ணனிடம் நேராகச் சொன்னார். அண்ணன், "அப்போ பாப்பிக்கு மருந்து கேட்டிருக்குமா?" என்று கேட்டார். கேட்டிருக்கலாம், இனி தெரிய வழியில்லை என்றார் டாக்டர். நான் ஜீப்பின் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சொல்ல இடம் இருந்தது. சொல்லவில்லை.

அதன் பிறகு நேற்று, 20-ஆம் தேதி, காலை பத்து மணிக்கு அண்ணன் மண்வெட்டியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கேட்டில் நான்தான் நின்றேன். பிடித்து நிறுத்தியிருக்கலாம், எனக்குக் கை எழும்பவில்லை. அவர் உள்ளே போய் நுண்ணோக்கியையும் ஃபிரிட்ஜையும் அடித்து உடைத்தார். தடுக்கப்போன டாக்டரின் மணிக்கட்டில் மண்வெட்டியின் கைப்பிடி பட்டு எலும்பில் விரிசல் விழுந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

உப்பு விஷயத்தை இன்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். உப்பு போடுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை, உடைத்ததைப் பார்த்தாயா, அதை மட்டும் சொல் என்றார். நான் பிடிவாதம் பிடித்ததால் இங்கே எழுதியிருக்கிறது. அதனால் அண்ணன்மேல் உள்ள கேஸில் ஒன்றும் குறையாதாம். என்மேல் கேஸும் இல்லையாம். காலையில் நான் உள்ளே வரும்போது அண்ணன் கம்பிக்குப் பின்னால் இருந்து, "புஷ்பம், நீ ஒருத்தனாவது எனக்காகப் பேச வந்தியே மக்கா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மேலே உள்ளது அத்தனையும் நான் என் வாயால் சொன்னது, நடந்தது, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. தலைமைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். சிவதாணு அண்ணனுக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்கச் சொன்னேன். அப்படி ஒரு வழக்கமில்லை என்று மெதுவாகத்தான் படித்தார். சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) அ. புஷ்பராஜ்
என் முன்னிலையில் பதிவு செய்தது: விஜயதாஸ், தலைமைக் காவலர்